சாய்ந்த டேபிளின் சாம்பியன்

ஸ்நூக்கர் பழக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த கியூ குச்சி வாங்கலாம் என்று. கியூ கிடக்கட்டும், ஆடுகிற டேபிள் மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள் என்பேன். யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. இல்லை, அது பொய். பார்த்தேன், பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் இன்று டேபிள்களில் ஆடப் போகாமல், டேபிள் பூட்டப் போகிறேன்.

1. சித்தூர் கிளப்

எனக்கு ஊர் ஆந்திர எல்லையில் விஜயபுரம் பக்கம். வேர்க்கடலை போடுகிற குடும்பம். சித்தூருக்கு டிகிரி படிக்கப் போனவன், காலேஜைவிட மாடியில் இருந்த ஸ்நூக்கர் கிளப்பில்தான் அதிக நேரம் இருந்தேன். படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை. பந்து அடுக்குவது, துணிக்கு பிரஷ் போடுவது, ஆள் இல்லாத நேரத்தில் ஆடுவது.

அங்கே இருந்தது ஒரே டேபிள். மெதுவாக அடித்தால் பந்து கடைசி ஒரு முழத்தில் ஜன்னல் பக்கம் ஒதுங்கும். இரண்டு விரல் அகலம்தான். வேகமாக அடித்தால் தெரியாது. எனக்கு ஒரே மாதத்தில் பிடிபட்டுவிட்டது. அந்த இரண்டு விரலைத் தள்ளியே குறி வைக்கப் பழகினேன். வேலூரிலிருந்து வந்த கெட்டிக்கார ஆட்டக்காரர்கள்கூட கைக்கு வந்த பந்தை விட்டுவிட்டுத் தலையைச் சொறிவார்கள். நான் கியூ முனைக்கு சாக் தடவிக்கொண்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்பேன். ஞாயிற்றுக்கிழமைப் போட்டி எல்லாம் எனக்குத்தான். சித்தூர் சாம்பியன்! எவ்வளவு திமிர் எனக்கு அப்போது.

2. ரசமட்டம்

ஒருமுறை துணி மாற்ற சென்னையிலிருந்து ஜாபர் பாய் என்ற ஃபிட்டர் வந்தார். பழைய துணியை உரித்து, அடியில் இருந்த கல்பலகை மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நிற்கவில்லை.

"சாஞ்சிக்கினு கீது சார். அரை நாள் குடுங்க, லெவல் பண்ணி வுட்டுடறேன்" என்றார் முதலாளி சுதாகரிடம்.

சுதாகர் அண்ணன் தெலுங்குக்காரர். என் பக்கம் திரும்பினார். "ஏமிரா தேசப்பா, தினம் ஆடுறது நீதானே. டேபிள் பாகுந்தா, லேதா?"

"பஸ்ட் க்ளாஸா கீதுண்ணா. இவுரு சும்மா வேலைய இழுக்கறாரு."

ஜாபர் பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு புதுத் துணியை இழுத்துக் கட்டினார். இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

3. திருப்பதி

ஆடிய காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பெரிய வாய்ப்பு திருப்பதியில் நடந்த போட்டி. ஃபைனலுக்குப் போகிற இருவருக்கு ஒரு நிறுவனத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. நிலத்தில் மாரடிக்காமல் ஆடியே பிழைத்துக்கொள்ளலாம். என் நைனா கடலை பிடுங்குகிற வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். ஆட்டம் அவருக்குப் புரியாது. முதல் வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹோட்டல் ஹால், ஏசி, புது டேபிள். முந்தைய சுற்றுகளை வேகமாக அடித்தே ஜெயித்திருந்தேன். அரையிறுதி, கடைசி ஆட்டம். டேபிளில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். நான் ஆறு புள்ளி பின்னால். கறுப்புக்கு ஏழு. போட்டால் ஃபைனல், வேலை, எல்லாம்.

கறுப்பு மூலைப் பாக்கெட்டுக்கு ஒரு முழத்தில், நேராக நின்றது. ஓங்கி அடித்தால் வெள்ளைப் பந்தும் பின்னாலேயே உள்ளே போய்விடும். மெதுவாகத்தான் தள்ள வேண்டும். இந்த டேபிள் மட்டம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பதற்றத்தில் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டு விரல் தள்ளிக் குறி வைத்தேன். பந்து ஒதுங்கவே இல்லை. வைத்த குறிக்கு நேராகப் போய், பாக்கெட்டின் விளிம்பில் மோதி, வாயிலேயே நின்றுவிட்டது.

எதிராளி வந்து லேசாகத் தட்டி உள்ளே தள்ளினான். வேலையும் அவனோடு போயிற்று. அடுத்த வருஷம் அந்த வேலைக்கான வயது எனக்குத் தாண்டிவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் நைனா கேட்டார்: "டேய், அந்தக் கறுப்பு ஓட்டை வாய்லயே நின்னுக்கினு இருந்துச்சே. நீயே இன்னொரு தட்டு தட்றதுக்கு இன்னாடா?"

"ஒரு தபாதான் நைனா. தப்பிட்டா அடுத்தவன் ஆட்டம்."

"அது இன்னா நாயம்? சரி வா, எதுனா துன்னுட்டுப் போலாம்."

என் தட்டு இட்லியையும் நைனாவே சாப்பிட்டார்.

4. ஜன்னல் பக்கம்

பிழைப்புக்காக, டேபிள் பூட்டும் வேலை பழக ஜாபர் பாயையே போய்ப் பார்த்தேன். வெட்கம் எல்லாம் அப்போது போய்விட்டிருந்தது. "பஸ்ட் க்ளாஸா கீதுன்னியே, இந்தா, இனிமே நீயே வெச்சிப் பாரு" என்று ரசமட்டத்தைக் கையில் கொடுத்தார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

போன மாதம் சுதாகர் அண்ணன் போன் செய்தார். கட்டடத்தை இடிக்கிறார்கள், டேபிளை ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு தொழிலாளர் விடுதிக்கு விற்றுவிட்டேன், கழற்றித் தர வேண்டும் என்றார். போனேன். துணியை உரிக்கும் முன் கறுப்பைத் திருப்பதியில் நின்ற அதே இடத்தில் வைத்தேன். இரண்டு விரல் தள்ளி, அன்று அடித்தபடியே மெதுவாக அடித்தேன். பந்து ஜன்னல் பக்கம் ஒதுங்கி, விளிம்பைத் தொடாமல் உள்ளே விழுந்தது.

"சாம்பியன்ரா நீ! இப்பவும் சாம்பியன்ரா!" என்று கை தட்டினார் அண்ணன். எனக்குக் கியூவை முட்டியில் வைத்து ஒடிக்கலாம் போல இருந்தது.

ஸ்ரீ சிட்டியில் பூட்டும்போது ஒரு காலுக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றைச் செருகினேன். குமிழி நடுவில் வந்து நின்றது. அவ்வளவுதான் வேலை. உங்களுக்குச் சாதகமாக இருக்கிற கோணலை முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள். நான் கற்றது இது ஒன்றுதான்.

நைனா இன்றும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எம் புள்ள நல்லாத்தான் அடிச்சான். திருப்பதிக்காரன் டேபிள்ல ஏதோ கோளாறு." கோளாறு அந்த டேபிளில் இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.