கொலு வைத்த வீட்டில் பூச்சிப் பெட்டி

என் மகள் காலேஜில் மூன்றாம் வருடம் பூச்சிகளைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறவள் நான் என்பதால் முன்னெச்சரிக்கை.

அமெரிக்காவில் காலேஜ் முடித்த பிறகுதான் மெடிக்கல் ஸ்கூல்; அதற்குப் போக வேண்டிய பெண் அவள். கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், பயோகெமிஸ்ட்ரி என்று எடுத்தே ஆக வேண்டிய பாடங்கள் அந்த செமஸ்டரை அடைத்துக்கொண்டு நிற்க, ஒரே ஒரு இடம்தான் காலி. அதில் எந்த சயின்ஸ் பாடத்தை வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த ஒரு இடத்துக்கு, நியூஜெர்சியில் நாங்கள் இருக்கும் பார்சிப்பனியில் பாதிப் பேர் யோசனை சொன்னார்கள். இங்கே அது வழக்கம். யார் வீட்டில் சாப்பிடப் போனாலும் சாம்பார் ஆறுவதற்குள் ஜிபிஏ, அதாவது பிள்ளைகளின் மதிப்பெண் சராசரி, பற்றிய பேச்சு வந்துவிடும். அதில் கடைசி வார்த்தை எப்போதும் எங்கள் தெருக்கோடி அக்காவுடையது. அவர் மகன் மெடிக்கல் ஸ்கூலில் இருக்கிறான். அதனால் பாதி டாக்டர் பட்டம் அவருக்கும் வந்துவிட்டது.

"மெடிக்கல் டெர்மினாலஜி எடுக்கச் சொல்லு. ஈஸி ஏ. என் பையன் தூங்கிட்டே வாங்கினான்" என்றார் அக்கா.

என் மகளோ அந்தப் பாடப் பட்டியலை நாங்கள் பட்டுப்புடவை பார்ப்பதுபோல் பார்த்தாள். ஒரு நாள் காளான். ஒரு நாள் எரிமலை. இன்னொரு நாள் நட்சத்திரங்கள் எப்படிச் சாகின்றன என்று ஒரு பாடம். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் பூச்சியில் வந்து நின்றாள்.

"இது கஷ்டமாமே. மார்க் குறைஞ்சா என்னடி பண்ணுவ?" என்றேன்.

"அம்மா, இட்ஸ் மை ஒன் ஃப்ரீ ஸ்லாட். மத்தது எல்லாம் அவங்க சூஸ் பண்ணது. இது நான் சூஸ் பண்றது."

அவள் அப்பா ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவர். அவர் பெருமூச்சு விட்டார். "நமக்கெல்லாம் யார் கேட்டாங்க? டைம்டேபிள் ஒட்டினாங்க, படிச்சோம்" என்றார். அது புகாரா பொறாமையா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் வலை வாங்கி வந்தவரும் அவர்தான். செப்டம்பர் மாதம் முழுவதும் சனிக்கிழமைகளில் அப்பாவும் மகளும் பூங்கா பூங்காவாகப் பூச்சி பிடித்தார்கள். பெரிய மீட்டிங்குகளில் பேசுகிற மனிதர், ஒரு வண்ணத்துப்பூச்சியின் பின்னால் மூச்சிரைக்க ஓடியதை நான் காரில் இருந்தபடி ரசித்துப் பார்த்தேன்.

அந்தப் பாடத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு பெட்டி நிறையப் பூச்சி சேர்த்து, குண்டூசி குத்தி, பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். பிடித்ததை முதலில் ஃப்ரீசரில் வைத்துச் சாகடிக்க வேண்டுமாம். என் ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் ஒரு டப்பாவில் வெட்டுக்கிளி கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நவராத்திரி வந்தபோதுதான் எனக்கு வந்தது கோபம். கலசம் வைத்துக் கொலு வைத்த வீட்டில் செத்த ஜீவராசியா? பெட்டி, டப்பா, இடுக்கி எல்லாவற்றையும் கராஜுக்கு விரட்டினேன். அங்கே பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது. அவள் முணுமுணுத்துக்கொண்டே தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் வீடு நிறைய ஆட்கள். பிள்ளைகள் கொல்லைப்புறத்தில் உதிர்ந்த இலைகளைக் குவித்து அதில் விழுந்து புரண்டுவிட்டு, சுண்டலுக்காக உள்ளே வந்தார்கள். அவர்களில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. கோயம்புத்தூரிலிருந்து அந்தக் கோடையில்தான் வந்த குடும்பம். குழந்தைக்கு இன்னும் இங்கிலீஷ் வரவில்லை. அவளுடைய அம்மா அவளை மடியில் வைத்துக் கலைந்த ஜடையைச் சரிசெய்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

"காதுக்குப் பின்னாடி மச்சம் மாதிரி இருக்குதுங்க அக்கா. காலைல இல்லீங்களே இது."

நான் குனிந்து பார்த்தேன். மச்சத்துக்குக் கால்கள் இருந்தன. உண்ணி. கடித்த இடத்தில் தலையைப் புதைத்துக்கொண்டு ஒட்டியிருந்தது. ஜெர்சியில் உண்ணி கடித்தால் மூட்டையும் நரம்பையும் முடக்கும் நோய் வரலாம் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். எப்படி எடுப்பது என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. தெரியாதபோது நாம் என்ன செய்வோம்? எண்ணெய் வைப்போம்.

"நல்லெண்ணெய் வெச்சா மூச்சு முட்டித் தானா விழுந்துடும்" என்று சொல்லியபடியே தெருக்கோடி அக்கா குத்துவிளக்கில் விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுவிட்டார். ஆளுக்கொரு பக்கம் தலையைப் பிடித்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதது.

"ஆன்ட்டி, ஸ்டாப்! எண்ணெய் வேண்டாம்!"

சமையலறை வாசலில் என் மகள், கையில் சுண்டல் கிண்ணத்துடன். விருந்தாளிகள் வந்தால் 'ஹாய் ஆன்ட்டி' என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடுகிற பெண். நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற பெண். அப்படி அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"எண்ணெய் வெச்சா அது வாமிட் பண்ணும். அவ பாடிக்குள்ள. அப்பதான் டேஞ்சர்" என்றாள். அக்கா எண்ணெய் விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

மகள் கராஜுக்குப் போனாள். திரும்பி வந்தபோது ஒரு கையில் பூச்சி இடுக்கி, இன்னொரு கையில் அந்தப் பெட்டி. இடுக்கியை ஆல்கஹாலால் துடைத்தாள். கொலுவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, பெட்டியைக் குழந்தையின் மடியில் வைத்தாள். கலசத்துக்கு நேர் எதிரே அத்தனை செத்த பூச்சிகள். நான் குழந்தையின் ஜடையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு எது பிடிக்கும்?" அவளுடைய தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. ஆனாலும் நிற்கவில்லை.

விசும்பல் கொஞ்சம் குறைந்தது. ஒரு சின்ன விரல் பச்சையாக மின்னிய வண்டைக் காட்டியது.

"இதுக்குத் தமிழ்ல பேரு என்ன? எனக்குத் தெரியாது. நீ சொல்றியா?"

"உனக்குத் தெரியாதா?" குழந்தைக்கு அழுகையை மறக்கடிக்கிற அளவுக்கு ஆச்சரியம். "பொன்வண்டு! எங்க ஊர்ல இருக்குது. தீப்பெட்டிக்குள்ள வெச்சு வளர்ப்பாங்க. எங்க மாமா..."

மாமா என்ன செய்தார் என்று கேட்பதற்குள் இடுக்கி தோலை ஒட்டிப் போய், நேராக மேலே இழுக்க, உண்ணி வெளியே வந்துவிட்டது. தலையோடு, முழுசாக. குழந்தை மாமா கதையை நிறுத்தவே இல்லை. என் மகள் உண்ணியை ஒரு சின்னக் குப்பிக்குள் போட்டு மூடி, காதுக்குப் பின்னால் சுத்தம் செய்துவிட்டு, அந்தக் கதையை முழுவதும் கேட்டாள். பிறகுதான் தாயிடம் திரும்பினாள்.

"இதை டாக்டர்கிட்ட காட்டுங்க. சிவப்பா வட்டமா வந்தா, ஃபீவர் வந்தா உடனே கால் பண்ணுங்க. நான் டாக்டர் இல்ல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பெருமைதான், வேறொன்றும் இல்லை. இந்தப் பாடம் அவளை டாக்டர் ஆக விடாமல் செய்துவிடுமோ என்று மாதக்கணக்கில் பயந்தவள், அவள் டாக்டராக இருப்பதை என் வீட்டுத் தரையிலேயே பார்த்துவிட்டேன்.

கிளம்பும்போது தாம்பூலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குழந்தை கையசைத்தது. "டாட்டா, டாக்டர் அக்கா!"

"இன்னும் அப்ளைகூடப் பண்ணலம்மா அவ" என்று தெருக்கோடி அக்கா திருத்தினார். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு அப்போதும் இருந்தது.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. என் மகளுக்கு அந்தப் பாடத்தில் பி பிளஸ் வந்தது, மற்றதெல்லாம் ஏ. அக்கா துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்தார். மெடிக்கல் ஸ்கூல்களிலிருந்து 'இல்லை' என்ற பதில்கள் வரிசையாக வந்தபோது, அந்த பி பிளஸ்தான் காரணமோ என்று நானும் நினைக்காமல் இல்லை. பிறகு டெக்சாஸிலிருந்து ஒரு 'வா' வந்தது. ஒன்று போதுமே. போன ஆகஸ்டில் அப்பாவும் நானும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

இந்த நவராத்திரிக்கு அவள் வரவில்லை, பரீட்சையாம். அவள் காலேஜில் மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்த பெட்டியை நானே கராஜிலிருந்து எடுத்து வந்து, கண்ணாடியைத் துடைத்து, கொலுவின் கடைசிப் படியில் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மஞ்சள் குங்குமத்துக்கு வந்த தெருக்கோடி அக்கா அதைப் பார்த்ததும் திடுக்கிட்டார். "கலசம் இருக்கிற இடத்துல யாராவது செத்த பூச்சியை வைப்பாங்களா?" என்று பெட்டியை எடுக்கப் போனார்.

நான் பதில் தயாராகத்தான் வைத்திருந்தேன். அதற்குள் படிக்குக் கீழே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த அந்தக் கோயம்புத்தூர்ச் சிறுமி, இப்போது முன்பல் விழுந்தவள், பெட்டிக்குக் குறுக்கே கையை நீட்டி மறித்தாள்.

"தொடாதீங்க ஆன்ட்டி. அது டாக்டர் அக்காவோடது."

இந்த முறை அக்கா திருத்தவில்லை.