மலைக்கு எதிரே இருந்த கடை

நைனாவும் நானும் சேர்ந்து கடைசியாகச் செய்த வேலை, கடை முகப்பில் எல்இடி பட்டை மாற்றியது. அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். நான் ஏறினேன்.

"கன்னையா கடையாட்டம் பளிச்சுனு இல்லியே," என்றார் கீழேயிருந்து.

"ரெண்டும் ஒரே பெட்டியில வந்த பட்டை நைனா."

"அவன் கடையில பால் ஊத்தின மாதிரி கீது. இங்க மோர் ஊத்தின மாதிரி கீது."

நான் மின்பொறியாளர். பெங்களூரில் கட்டடங்களுக்கு விளக்கு அமைக்கும் வேலை. வெளிச்சம் அளக்கும் மீட்டர் பையிலேயே இருந்தது. இரண்டு கடை வாசலிலும் வைத்துக் காட்டினேன். அளவு ஒன்றுதான். நைனா மீட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுவும் அவன் பக்கம் சாஞ்சிடுச்சி," என்றார்.

அது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலை மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நைனா பெயர் புருஷோத்தமன். அவரும் கன்னையாவும் நகரிக்குப் பக்கத்தில் ஒரே ஊர். இரண்டு வீட்டிலும் தமிழ்தான், இரண்டு வீட்டிலும் நிலம் போதவில்லை. ஒரே பஸ்ஸில் திருப்பதிக்கு வந்து ஒரே ஜவுளிக் கடையில் துணி மடித்தார்கள். தொண்ணூறுகளில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நகரும் படிக்கட்டு வைத்து ஒரு வணிக வளாகம் வந்தபோது, முதல் மாடியில் ஆளுக்கொரு கடை பிடித்தார்கள். சரக்கும் ஒன்றுதான்: குழந்தைகள் ரெடிமேட், மொட்டை போட்ட பிள்ளைகளுக்குத் தொப்பி.

அதன்பிறகு நைனா எதையும் தனியாகப் பார்த்ததில்லை. கன்னையா ஸ்கூட்டர் வாங்கினால் எங்கள் வீட்டுக்கும் ஸ்கூட்டர் வந்தது. கன்னையா மகன் ரமணா இன்ஜினியரிங் சேர்ந்தான், என்னையும் சேர்த்தார். ரமணா டல்லாஸ் போனான். நான் பெங்களூர் வரைக்கும்தான் போனேன்.

"டல்லாஸ்ல வெயில் கொளுத்துதாம். மனுசன் இருப்பானா அங்க?" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருபது வருடத்தில் வளாகம் கிழடாகிவிட்டது. கூரைப் பலகைகளில் தண்ணீர்க் கறை. நகரும் படிக்கட்டு நின்றுபோய், பக்தர்கள் அதில் உட்கார்ந்து புளிசாதம் தின்றார்கள். ஊரில் சினிமா தியேட்டரோடு புது மால்கள் வந்ததும் உரிமையாளருக்குப் பயம் வந்தது. உள்ளே எல்லாவற்றையும் பிரித்து மாற்ற ஐதராபாத்திலிருந்து ஒரு டிசைனரைக் கூட்டிவந்தார். அவர் முதல் மாடியின் வடக்குச் சுவரை இடித்து முழுக்கக் கண்ணாடி வைக்கச் சொன்னார். திருமலை மொத்தமும் உள்ளே தெரியும்.

வரைபடத்தை ஆபீஸ் கதவில் ஒட்டினார்கள். எங்கள் கடை கண்ணாடியை ஒட்டினாற்போல் பக்கத்தில். கன்னையா கடை கண்ணாடிக்கு நேர் எதிரே. நைனாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. எந்த இடம் நல்லது என்று என்னிடம் கேட்கவும் இல்லை. நான் கன்னையாவிடம் சொல்லிவிடுவேன் என்று பயம். மறுநாள் அவரே போனார்.

"கன்னையா, கடையை மாத்திக்கலாமா? குந்தின எடத்துலருந்தே மலையைப் பாத்து ரெண்டு கும்பிடு போட்டுக்கினு இருப்பேன்."

"நீயா? வைகுண்ட ஏகாதசிக்கே கடை மூடாத ஆளு!"

"மாத்திக்கிறியா, இல்லியா?"

"எடுத்துக்கோப்பா. எனக்கு எங்க குந்தினா இன்னா?"

மாற்றிக்கொண்டார்கள். வேலை முடிந்து வளாகம் திறந்தது. மேலே ஏறிவந்த பக்தர்கள் மலையைப் பார்த்ததும் நின்றார்கள். செருப்பைக் கழற்றினார்கள். கோவிந்தா என்று கை கூப்பினார்கள். அதாவது எங்கள் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் கடை வாசலில் செருப்பைக் குவித்துவிட்டு, கண்ணாடிப் பக்கம் பார்த்தார்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் கன்னையா தொப்பிகளைத் தொங்கவிட்டிருந்தார்.

"அம்மா, இக்கட செப்புலு விடவத்து!" என்று, இங்கே செருப்பு விடாதீர்கள் என்று, நைனா நாள் முழுக்கத் தெலுங்கில் கத்தினார். மேனேஜரிடம் புகார் சொன்னார். மேனேஜர் ஒரு செருப்பு ஸ்டாண்ட் அனுப்பினார். அதை எங்கள் கடை வாசலிலேயே திருகிவிட்டுப் போனார்கள்.

வியாபாரம் குறைந்ததைக்கூடத் தாங்கியிருப்பார். கன்னையா ஏன் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டான் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒருநாள் வராண்டாவில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டுவிட்டார்.

"டிசைனர்காரன் உங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டான். தெரிஞ்சிகினுதான் என் தலையில கட்டின."

கன்னையாவின் முகம் கறுத்துவிட்டது. "காணிப்பாக்கம் வா. குளத்துல முழுகி, விநாயகர் முன்னால சத்தியம் பண்றேன்."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. காணிப்பாக்கத்தில் ஒருவன் சத்தியம் செய்துவிட்டால் கேட்டவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும். கேட்டவனும் கூட நின்றாக வேண்டும். நைனா சரி என்றார். பிறகு நாள் தள்ளினார். சரக்கு வருது என்றார். அமாவாசை என்றார். முட்டி வலி என்றார்.

அம்மா தாட்சாயணி ஒருநாள் பிடித்துக்கொண்டாள். "போய்ட்டு வந்துடுங்களேன். சித்தூர் பஸ்ஸுதான் நிமிசத்துக்கு ஒண்ணு போவுதே."

"அவன் சத்தியம் பண்ணிட்டான்னா, அப்புறம் நான் இன்னாத்த பேசுவேன்?"

"எங்கூட பேசுங்க," என்றாள் அம்மா.

நைனா சிரித்துவிட்டார். வரும் திங்கள்கிழமை போவதாகக் கன்னையாவுக்குச் சொல்லியனுப்பினார். அந்தத் திங்கள்கிழமைக்கு அவர் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் கன்னையா வீட்டுக்கு வந்தார். சவரம் செய்யவில்லை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"தரணி, சத்தியம் பாக்கி கீது. அவனுக்குப் பதிலா நீ வந்து நில்லு."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா? எங்கிட்ட சொன்னா போதும்."

"கேட்டவன் அவன். உங்கிட்ட சொல்லி நான் இன்னா பண்றது?"

"அப்ப நான் வந்து நின்னா மட்டும்?"

"நீ அவன் ரத்தம். புள்ளையார் கணக்குக்கு அது போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கடையில குந்த முடியலம்மா. எதிர்ல ஷட்டர் மூடிக் கீது. யாரும் என்னைப் பாக்கறதே இல்ல."

அந்தப் பேச்சில் எனக்கு இரக்கம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் பரீட்சையில் முதலாவதாக வந்தபோதும் நைனா என் மார்க்கைப் பார்க்குமுன் ரமணாவின் மார்க்கைக் கேட்டார். கன்னையா மேலிருந்து அவர் கண்ணை எடுத்ததே இல்லை. அந்தப் பார்வையில் பாதியாவது எனக்கு வந்திருக்கலாம். இப்போது இவர் குளத்தில் முழுகி, நான்கு வார்த்தை சொல்லிவிட்டு, பாரம் இறங்கி ஊர் திரும்பப் பார்க்கிறார். எனக்கு எதில் முழுகினால் இறங்கும்?

"திங்கக்கிழமை வரேன் மாமா," என்றேன்.

அந்தத் திங்கள்கிழமை அவர் பஸ் ஸ்டாண்டில் ஈரத் துண்டுக்கு ஒரு பையோடு நின்றிருந்ததாக அம்மா சொன்னாள். நான் பெங்களூரில் இருந்தேன். அடுத்த வாரம் என்று போனில் சொன்னேன். சரிம்மா என்றார். அதற்குப் பிறகும் இரண்டு முறை நாள் குறித்தோம். காணிப்பாக்கத்துக்கு இன்னும் போகவில்லை.