ஓஸ்மோ நட்ட ஊசியிலைக் கிளைகள்

குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் எங்கள் ஏரிப் பனியில் ஊசியிலைக் கிளை நட்டிருந்தால், அங்கே பனி மெலிசு, கால் வைக்காதே என்று அர்த்தம். குடிகாரன்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவான். அந்தக் கிளையை நம்பாத முதல் ஆள் நான்தான்.

நட்டவன் ஓஸ்மோ. ஹெல்சிங்கியிலிருந்து வருகிறவர்களைப் பனிமேல் கூட்டிப்போய், துளை போட்டு, கையில் குட்டைத் தூண்டிலைக் கொடுத்து, விறைத்துப் போகாமல் திருப்பிக் கூட்டிவருவது அவன் பிழைப்பு. மனைவி இல்லை, நாய்கூட இல்லை. எது கேட்டாலும் "ம்" என்பான். எங்கள் ஊரில் எல்லோருக்குமே பேச்சில் சிக்கனம் உண்டு. ஓஸ்மோவுடையது கருமித்தனம்.

வருஷா வருஷம் பிப்ரவரியில் அவன் கிளை நடுவது ஒரே இடத்தில், பாறைத் தீவுக்குப் பின்னால். அங்கே நீரோட்டமே கிடையாது, பனி எப்படி மெலியும்? நல்ல மீன் கிடக்கிற இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறான் என்று எனக்குப் பட்டது. என் பிழைப்பு வலை. அந்தக் குளிர்காலத்தில் வலையில் விழுந்தது என் பூனைக்கே பத்தவில்லை. அதனால் அவனிடமே வாடிக்கையாளனாகச் சேர்ந்தேன்.

"சொந்த ஏரிக்குச் சுற்றுலா போறீங்களா? ஊரே சிரிக்கும்," என்றாள் என் மனைவி இர்யா.

ஓஸ்மோ என்னை மேலும் கீழும் பார்த்தான். "உனக்கு எதுக்குடா வழிகாட்டி? பனி மேலயே பொறந்தவன் நீ."

"வயசாச்சு, எல்லாம் மறந்துபோச்சு."

"ம்."

பனிமேல் போனதும், தீவுக்கு முதுகு காட்டுகிற மாதிரி என் முக்காலியைத் திருப்பிப் போட்டான். சந்தேகம் எனக்கு இன்னும் ஏறியது. கூட வந்த புதுக் கல்யாண ஜோடிக்கு விரல் நீளத்தில் ஒரு மீன் மாட்டியதும் அந்தப் பெண் வீறிட்டாள். தூண்டில் முள்ளை எடுக்க ஓஸ்மோ குனிந்த நேரம் பார்த்து, துளைக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு நழுவினேன்.

கிளைகளைத் தாண்டி, கரையோரப் பனிமேட்டுக்குப் பக்கத்தில் துளைத்தேன். துளைக்கத் துளைக்கப் பனிதான் வந்தது. என் கை நீளத்துக்குப் பனி! "பொய்யன், பொய்யன்," என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போது பனிமேட்டுக்குள் ஏதோ தண்ணீரில் தொப்பென்று விழுந்தது. அடுத்து ஓர் அழுகை. கைக்குழந்தை அழுவதுபோலவே இருந்தது. உள்ளே இருந்தது நோர்ப்பா, எங்கள் ஏரியில் வாழும் சீல், கடல்நாய் இனம். பனிமேட்டைக் குடைந்து குட்டி போட்டிருக்கிறது. என் சத்தத்தில் தாய் பயந்து, குட்டியை விட்டுவிட்டுத் தன் பனித்துளை வழியாகத் தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டது.

ஓஸ்மோ வந்தான். கத்தவில்லை. முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூரத்துப் பாறைக்குப் பின்னால் போனான்.

"நாம இருந்தா அவ வரமாட்டா," என்றான். "ரொம்ப நேரம் வரலைன்னா குட்டி குளிர்ல போயிடும்."

"ஊர்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா?"

"யார்கிட்ட? குட்டி வலையில மாட்டிச் செத்துடும்னு, குட்டி இருக்கிறது தெரிஞ்சா அதிகாரிங்க இங்க வலை போடக் கூடாதும்பாங்க. வலைக்காரன்கிட்டயே போய்ச் சொல்லச் சொல்றியா?"

எனக்கு மீன் ஆசை போய், அந்தக் குட்டி செத்துவிடக் கூடாதே என்ற பயம் மட்டும்தான் இருந்தது. வெகுநேரம் கழித்து அழுகை நின்றது. தாய் வந்ததா, குட்டி போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. கிட்டப் போய்ப் பார்க்கவும் முடியாது. ஓஸ்மோ அந்த ஜோடியைக் கரைசேர்க்க எழுந்து போனான்.

ஊரில் கேட்டவர்களிடம் பனி மெலிசு என்றேன். "மெலிசுன்னா நனையாம எப்படித் திரும்பி வந்தான்? மீனுக்காக ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துட்டாங்க," என்றார்கள். இர்யாவும் நம்பவில்லை. நான் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மே மாதம் பனி உடைந்ததும் படகில் போனேன். தீவுப் பாறையில் தாயும் குட்டியும் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சற்றுத் தள்ளித் தன் படகில் ஓஸ்மோ உட்கார்ந்திருந்தான்.

"வலை எங்கெல்லாம் போட்டிருக்க?" என்றான்.

தீவுப் பக்கம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தெற்குக் கரையில்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "ம்," என்றான். பிறகு துடுப்பைத் தெற்கே திருப்பி, நான் சொன்ன வலைகளின் மிதவைகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் இருந்தால் நானும் போய்ப் பார்த்திருப்பேன்.