ஒரு விரல் இறக்கம்

அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. "சந்தேகம் வீடு எது?" என்று கேட்டால்தான் தெருவில் வீட்டைக் காட்டுவார்கள். பால் வாங்கினால் முகர்ந்து பார்ப்பார். அதே பாலைக் காய்ச்சிய பிறகு மறுபடியும் முகர்ந்து பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "எங்க கல்யாணத்தன்னிக்குக்கூட இவர் சட்டைப் பையில காந்தம் இருந்துச்சு. இருந்துச்சா இல்லையா, கேளுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் மனைவி சொல்வாள். இருந்தது உண்மைதான். அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

காந்தம் அவர் பிழைப்பு. அந்தக் காலத்தில் ஓட்டப் பந்தயத்துக்கென்று கையால் செய்த கார்கள் சில உண்டு. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், தரையோடு தரையாகக் கிடக்கும், போனால் கண்ணில் நிற்காது. செய்ததே கொஞ்சம், மிஞ்சியது அதைவிடக் கொஞ்சம். கொஞ்சமாக இருக்கிற எதற்கும் போலி வந்துவிடுகிறது இல்லையா? ஒரே வண்டியைக் குறுக்கே அறுத்து, இந்தப் பாதியோடு ஒரு புதுப்பாதி, அந்தப் பாதியோடு ஒரு புதுப்பாதி என்று ஒட்டி, இரண்டு வண்டியாக விற்ற கெட்டிக்காரர்கள் உண்டு. அதனால் வாங்குகிறவர்கள் முதலில் சந்தேகத்தைத்தான் தேடி வருவார்கள். அவர் போய்ப் பார்த்துவிட்டு, "வண்டி நிஜம்" என்று சொன்னால் நிஜம். சொல்லாமல் செருப்பை மாட்டினால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தீர்ப்புச் சொல்லும் வரைக்கும் விற்கிறவர் இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். விற்கிறவரிடம் வண்டியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். கேட்டால் வாய் பதில் சொல்ல ஆரம்பித்துவிடும், அப்புறம் வண்டி பேசுவது காதில் விழாது என்பார். திமிர் பிடித்தவர் என்று சிலர் சொன்னார்கள். சொல்லட்டும். திமிர் வேறு, அது வேறு.

இனி மச்சானுக்கு வருவோம். மனைவியின் அண்ணன். டிங்கர் பட்டறை வைத்திருந்தார். இடித்து நசுங்கி வருகிற வண்டிகளைத் தட்டித் தட்டி நிமிர்த்திக் கொடுக்கிற வேலை. அந்த ஊரில் அவரை ரசமட்டம் என்பார்கள். சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, அந்த ரசமட்டம். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். சாப்பிடும்போது தம்ளர்களை வரிசையாக்குவார். ஒருமுறை அடுத்தவர் தலை வகிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, பொறுக்க முடியாமல் சீப்பை எடுத்துவிட்டார் என்று தங்கை சொல்வாள்.

அந்த ரசமட்டம் ஒரு கோழிப் பண்ணைக் கொட்டகையிலிருந்து ஒரு வண்டியைக் கொண்டு வந்தார். வண்டி என்று சொல்லக் கூடாது. எச்சம் மூடிய தகடுகளும் துருவும்தான். பட்டறைக்குப் பின்னால் இருந்த அறையில் போட்டுப் பூட்டி, லீவு நாளெல்லாம் அதற்குள்ளேயே கிடந்தார். பல வருஷம். "முடிக்காம யாருக்கும் காட்ட மாட்டேன். முக்கியமா நம்ம மாப்பிள்ளைக்குக் காட்டவே மாட்டேன்" என்று தங்கையிடம் சொல்லி வைத்திருந்தார். முடித்தபோது அவருக்கு முழங்கால் போய்விட்டிருந்தது. உள்ளே உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு ஆள் வேண்டும். விற்றுவிடலாம் என்றார். ஆனால் மனசுக்குள் ஆசை வேறு. மாப்பிள்ளை வாயால் அந்த இரண்டு வார்த்தை வர வேண்டும். வண்டி நிஜம்.

வாங்க வந்தது கண் டாக்டரம்மா ஒருத்தர். நேரே சந்தேகம் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அவர் என் சம்சாரத்தோட கூடப் பிறந்தவருங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார் இவர்.

"வேற ஆளைப் பாத்துதாங்க போன தடவை ஏமாந்தேன்" என்றார் டாக்டரம்மா. "விக்கிறவர் வீட்டுலயே விருந்து சாப்பிட்டுட்டு நிஜம்னு சொன்னார். அந்த வண்டி இப்போ என் வாசல்ல நிக்குது. கண்ணைக் காட்ட வர்றவங்களுக்குக்கூட அது போலின்னு தெரியுது, எனக்குத் தெரியலை. இன்னொரு தடவை என்னால அந்தச் சிரிப்பைத் தாங்க முடியாது. நீங்க தண்ணிகூடக் குடிக்க மாட்டீங்களாமே?"

இவர் ஒப்புக்கொண்டார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் சட்டென்று நின்றது. மனைவிக்குத் தையல் வேலை. வாசல் பேச்செல்லாம் மிஷின் சத்தத்துக்கு நடுவிலேயே அவள் காதில் விழுந்துவிடும்.

"எங்க அண்ணன் வண்டியையா பாக்கப் போறீங்க?"

"ஆமா."

"உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. ஆனா போலின்னு சொல்லிட்டு வந்தீங்கன்னா, அப்புறம் உங்களுக்கு அந்தக் காந்தம்தான் சோறு போடணும்."

பட்டறையில் மச்சான் குளித்துச் சட்டை மாற்றி நின்றார். "வாங்க மாப்பிள்ளை! டீ சொல்லட்டுமா?"

"அப்புறம் குடிக்கறேன், மச்சான்."

"நான் என்ன மூணாவது மனுஷனா?"

"இன்னிக்கு மட்டும்."

மச்சான் முகம் வாடியது. ஆனாலும் பின்னறைக் கதவைத் திறந்தார். வெயில் உள்ளே விழுந்தது. கரும்பச்சை வண்டி, மழை நின்ற இலை மாதிரி இருந்தது. சந்தேகம் ஒரு நிமிஷம் வேலையை மறந்து நின்றார். பிறகு மண்டியிட்டார்.

அடிச்சட்டத்தில் எண் குத்தியிருந்தது. கையால் சுத்தியல் அடித்துக் குத்திய எண், ஒன்று ஆழம், ஒன்று மேலாக. சரி. காந்தத்தை வண்டியின் உடம்பில் வைத்தார். ஒட்டவில்லை, வழுக்கி அவர் உள்ளங்கையிலேயே விழுந்தது. இரும்பில்லை, அசல் வண்டிகளுக்கு உரிய அலுமினியத் தகடு. அதுவும் சரி. கடைசியாக மனைவியின் தையல் கூடையிலிருந்து எடுத்து வந்த நூலைப் பிரித்தார். முன் சக்கரத்துக்கு மேலே வளைந்து வருகிற மட்கார்டு. அதன் உச்சியிலிருந்து தரை வரைக்கும் வலது பக்கம் பிடித்து முடிச்சுப் போட்டார். அதே நூலை இடது பக்கம் பிடித்தார்.

முடிச்சு தரையைத் தொட்டது. மயிரிழை வித்தியாசம் இல்லை.

மறுபடி பிடித்தார். அப்படியே.

அதுதான் அவருக்கு இடித்தது. ஏனென்றால் அந்த வகை வண்டி எதிலும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது. வலது பக்கத்தை ஒருவர் தட்டுவார், இடது பக்கத்தை இன்னொருவர் தட்டுவார். ஒரே ஆள் என்றாலும் காலையில் தட்டினது ஒரு மாதிரி, சாப்பிட்டுவிட்டு வந்து தட்டினது ஒரு மாதிரி. அவர் தொட்டுப் பார்த்த நிஜ வண்டி எல்லாவற்றிலும் இடது மட்கார்டு ஒரு விரல் இறங்கித்தான் இருந்தது. போலி செய்கிறவன்தான் ஒரு பக்கத்தை அளந்து, அதையே மறுபக்கத்துக்கும் திருப்பிப் போடுவான்.

"என்ன மாப்பிள்ளை? சொல்லுங்க."

"நாளைக்கு வரேன், மச்சான்."

"எதுக்கு நாளைக்கு? என்ன குறை?"

"நாளைக்கு" என்று சொல்லிச் செருப்பை மாட்டினார். அந்தச் செருப்புக்கு என்ன அர்த்தம் என்று மச்சானுக்குத் தெரியாதா? கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

வீட்டுக்கு வந்த மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவி கோட்டு ஒன்றை மடியில் போட்டுத் தோள் பக்கம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில்தான் அவள் கோபம் தெரியும்.

"அதை ஏன் பிரிக்கறே?" என்று அவரே கேட்டார்.

"இதைப் போடறவர் ஒரு தோள் இறங்கின மனுஷன். யாருக்குத்தான் ரெண்டு தோளும் ஒண்ணா இருக்கு? உங்களுக்கே வலது பக்கம் தூக்கல்."

"எனக்கா?"

"இத்தனை வருஷமா உங்க சட்டையை யார் தைக்கறா? இறங்கின பக்கம் உள்ளே பஞ்சு வெச்சுத் தைச்சா வெளியே சமமாத் தெரியும். பிரிச்சுப் பாத்தாத்தான் குட்டு வெளிப்படும்."

சந்தேகம் எழுந்து நின்றார். ஊசியைப் பிடித்த அவள் கையையே பார்த்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"உங்க அண்ணன் ரசமட்டம்" என்றார். "அதை நான் மறந்தே போயிட்டேன்."

மறுநாள் காலையில் அவளும் கூடவே கிளம்பினாள். வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் அதற்குள் தெருவில் நின்றாள். பட்டறையில் டாக்டரம்மாவும் வந்திருந்தார். மச்சான் இன்றைக்கு டீ சொல்லட்டுமா என்று கேட்கவில்லை.

"முன்பக்கத்தைத் தூக்கணும்" என்றார் சந்தேகம். ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். மல்லாக்கப் படுத்து உள்ளே போனார். டார்ச்சையும், குச்சி முனையில் கட்டின சின்னக் கண்ணாடியையும் மட்கார்டின் வயிற்றுக்குள்ளே விட்டார். அடிச்சட்டத்திலிருந்து வந்து மட்கார்டைத் தாங்குகிற இரும்புக் கை ஒன்று வலது பக்கம் இருந்தது. தகடு அதன்மேல் நேராக உட்கார்ந்திருந்தது. இடது பக்கமும் அதே மாதிரி ஒரு கை, அதே பழைய துரு, அதே பழைய பற்றவைப்பு. ஆனால் ஒரு விரல் தாழ்வு. அந்தக் கைக்கும் தகட்டுக்கும் நடுவில், புத்தம்புதிதாக, வாஷர் மேல் வாஷராக அடுக்கியிருந்தது.

பஞ்சு.

வெளியே வந்தார். முதுகெல்லாம் மண். அதுவரைக்கும் விற்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்காத மனுஷன் அன்றைக்குக் கேட்டார்.

"மச்சான், இடது பக்கம் கோணலா இருந்துச்சா?"

மச்சான் தலையை நிமிர்த்தினார். "பின்னே? ஒரு விரல் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. எந்தக் கண்ணு தெரியாத கழுதையோ கொண்டு போய் மோதியிருக்கான். தட்டித் தட்டி அதை வலது பக்கத்துக்குச் சமமாக் கொண்டு வர எனக்கு ஒரு மழைக்காலமே போச்சு. ஏன், சமமா இல்லையா?"

"யாரும் மோதலை, மச்சான். அது பிறந்ததே அப்படித்தான்."

"என்ன சொல்றீங்க?"

"இந்த வண்டிங்க எல்லாமே அப்படித்தான். அதைப் பாத்துத்தான் நிஜம்னு சொல்லுவேன்."

மச்சான் பக்கத்திலிருந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்நாள் முழுக்கத் தட்டியது மெஷினில் அடித்து வந்த வண்டிகள். அதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், கோணல் என்றால் விபத்துதான். யார் வந்து அவருக்கு வேறு சொன்னார்கள்? சொல்லக்கூடிய ஒரே ஆளைத்தான் முடிகிற வரைக்கும் உள்ளே விடவில்லையே!

"அப்போ நல்ல வண்டியை நானே போலி ஆக்கிட்டேனா?" என்றார். தங்கை போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா குனிந்து, கண்ணாடியில் அந்த வாஷர் அடுக்கைப் பார்த்தார். "வேணும்னே இப்படிச் செஞ்சு வெச்சிருந்தா? எனக்கு எப்படித் தெரியும்?"

"கோணலைப் பத்தித் தெரிஞ்ச போலிக்காரனா இருந்தா, அதைக் கண்ணுக்குத் தெரியற மாதிரி வெளியே வெப்பான். உள்ளே கோணலாச் செஞ்சு, வெளியே அதை மறைக்கறதுக்குப் பாடுபட மாட்டான்" என்றார் சந்தேகம். "நிஜ வண்டி கையில கிடைச்சு, அது கோணலா இருக்கறதைப் பொறுத்துக்க முடியாத ஒருத்தர்தான் இப்படிச் செய்வார். அப்படி ஒருத்தர்தான் எனக்குத் தெரியும். ஆனா இப்போ இருக்கற கோலத்துல நான் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. இது பாதி மச்சான், பாதி வண்டி."

டாக்டரம்மா யோசித்தார். "அதை எடுத்துடுங்க. எடுத்தப்புறம் பாக்கறேன்."

"என் கையாலயா?" என்றார் மச்சான்.

"நீ எடுக்கறியா, நான் எடுக்கவா, அண்ணே?" என்றாள் தங்கை. "நான் பிரிக்காத தோளா?"

அவரே ஸ்பேனரை எடுத்தார். ஒவ்வொரு வாஷராக வந்தது. எல்லாம் வந்த பிறகு போல்ட்டை முடுக்கினார். தகடு மெதுவாக முனகிக்கொண்டு பாதி இறங்கியது. மிச்சத்துக்கு விளிம்பைத் தட்ட வேண்டியிருந்தது. அதற்குச் சில நாள் பிடித்தது. தட்டும்போது மச்சான் பார்த்தால் தாங்காது என்று கண்ணை மூடிக்கொண்டார். நிஜமாகவே மூடிக்கொண்டார், அதைத் தங்கை பார்த்தாள். கைக்கு வழி தெரிந்திருந்தது. பச்சைப் பெயிண்ட் விரிசல் விட்டு உதிர்ந்த இடத்தில் மட்டும் புதுப் பூச்சு.

எல்லோரும் மறுபடி கூடினபோது சந்தேகம் முடிச்சுப் போட்ட நூலை எடுத்தார். வலது பக்கம் சரி. இடது பக்கம் நூல் மிஞ்சி, முடிச்சோடு கொஞ்சம் தரையில் கிடந்தது. அந்த மிச்சத்தின்மேல் தன் விரலைக் குறுக்கே வைத்தார். விரல் அளவேதான். உள்ளே படுத்து அந்த இரும்புக் கையை ஒருமுறை, வெளியே வந்து எண்ணை ஒருமுறை, மறுபடி உள்ளே படுத்து ஒருமுறை. அவர் பெயர் சும்மாவா வந்தது?

கடைசியில் எழுந்து துணியில் கையைத் துடைத்தார். செருப்புப் பக்கம் போகவில்லை.

"வண்டி நிஜம்" என்றார். "டீ இருக்கா, மச்சான்?"

மச்சான் தானே கடைக்குப் போய் டீ வாங்கி வந்தார். தம்ளர்களை மேஜையில் வைத்து, வரிசையாக்கி, ஒன்றை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

டாக்டரம்மா வண்டியை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு எல்லோரும் வாசலில் நின்று கையாட்டினார்கள். ரசமட்டம் மட்டும் தெருவைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் வண்டியின் வலது பக்கம் மட்டும்தான் தெரியும்.