கழுவிய கார்

மகன் கல்ஃபுக்குள் நுழைய விசாவில் அதுவே கடைசி நாள். ஒன்றரை மணி நேரத்தில் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருக்கவேண்டும். பாறசாலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் கார் உறுமியதே தவிர, கிளம்பவில்லை.

பக்கத்து வீட்டு டிரைவர் ஓடிவந்தார்.

"பெட்ரோல் உண்டு, பாட்டரியும் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றவர் பானட்டைத் திறந்து என்னைப் பார்த்தார். "சாரே, எஞ்சினையும் குளிப்பாட்டினது யாராக்கும்?"

நான்தான். தூரப் பயணத்துக்கு முன் வண்டியைக் கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம். மகன் போகிறானே என்று அன்று பானட்டுக்கு உள்ளேயும் வாளியோடு தண்ணீர் ஊற்றியிருந்தேன்.

எஞ்சினுக்குத் தீப்பொறி அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் தண்ணீர் நின்றது. மகன் தன் புதுக் கைக்குட்டையை நீட்டினான். டிரைவர் துடைத்து மூடினார். இரண்டாவது முறை எஞ்சின் பிடித்தது. அவரே ஓட்டினார்.

மகன் விமானம் ஏறிவிட்டான். நான் இன்றும் காரைத் துடைப்பதோடு சரி.