ஒவ்வொரு நகலுக்கும் ஒரு நூல்

எங்கள் தெருவில் அவளை ஆணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தையல்காரி. தெருவைப் பார்த்த முன்னறைதான் கடை. மூன்று சுவர்களிலும் ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் பழுப்புக் காகிதத்தில் வெட்டிய சட்டை மாதிரி தொங்கும்: முன்பாகம், முதுகு, கை, காலர். ஓர் ஆளுக்கு ஓர் ஆணி. ஆணி போகும் துளை கிழியாமல் இருக்க, அந்த ஆளுக்கு முதன்முதலில் தைத்த துணியில் ஒரு துண்டை அதைச் சுற்றி ஒட்டியிருப்பாள். பெயர் எழுதுவது கிடையாது. துணியைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். காகிதத்தை மடிக்க விடமாட்டாள். மடித்த இடம் அளவைத் தின்றுவிடும் என்பாள். மூலைக்கு மூலை பாச்சை உருண்டை. உள்ளே போனால் மூக்கு எரியும்.

"ஊர்ல எல்லார் முதுகும் இங்க தொங்குது, என் முதுகைத்தான் காணோம்" என்பார் அவள் கணவர். வேன் ஓட்டுகிறவர்.

"உங்க தொப்பையை மாட்டுற அளவுக்குப் பெரிய ஆணி கிடைக்கட்டும், மாட்டுறேன்."

ஒருமுறை அளவெடுத்தால் மறுபடி டேப்பைத் தொடமாட்டாள். வீடுகளுக்குப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எழுந்து வர முடியாதவர்களுக்கு அவள் சுவர் பெரிய உதவி. யாராவது இறந்துபோனால், அவர்களின் காகிதங்களை இறக்கி அலமாரித் தட்டில் விரித்துவிடுவாள். தேய்ந்த மாதிரிகளுக்கும் அதே இடம்தான். சிலருக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. நல்ல காகிதம்.

பேக்கரியம்மாவை நான் பார்த்துக்கொண்ட சமயம். பேக்கரியை விற்றுவிட்டுத் தனியாக இருந்தவர், வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து எலும்பு கூடிவிட்டது. வாக்கர் பிடித்து அறைக்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். மாற்றிக்கொள்ள இரண்டு சட்டை வேண்டும் என்று ஆணியக்காவிடம் சொல்லித் தைத்து வாங்கி வந்தேன்.

போட்டுவிட்டேன். தோள் நழுவியது. கைக்குள் இன்னொரு கை போகும் போலிருந்தது. பீரோக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யார் சட்டை?"

"உங்களுதுதான். உங்க அளவுலதான் வெட்டினா."

"அப்ப நான்தான் கரைஞ்சிட்டேன். அவருக்கும் இப்படித்தான் முதல்ல சட்டை தொளதொளன்னு ஆச்சு."

அவர் என்றது கணவரை. உடம்பு வற்றி வற்றிச் செத்தவர். அன்றோடு பேக்கரியம்மா நடையை நிறுத்திவிட்டார். "போற உடம்புக்கு எதுக்கு நடை?"

தூக்கி உட்காரவைக்கிறவள் நான். கனம் குறையவில்லை என்று என் கைக்குத் தெரியும். சொன்னேன். "நீ அப்படித்தான் சொல்லுவே, அது உன் தொழில்" என்றார். எடை மிஷினில் ஏறி நிற்கவும் மறுத்துவிட்டார். அந்த வயதில் படுத்தே கிடந்தால் முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். அதற்கப்புறம் எழுப்புவது கஷ்டம்.

அவருடைய பழைய சட்டையை எடுத்துக்கொண்டு ஆணியக்காவிடம் போனேன். மாதிரியின் மேல் விரித்தோம். எல்லாப் பக்கமும் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"துவைச்சுத் துவைச்சுச் சுருங்கியிருக்கும்க்கா" என்றாள். என்னையும் அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"இருக்கலாம். இந்தக் காகிதம் எப்ப வெட்டினது?" என்றேன்.

"போன மழைக்கு. பழசு தேஞ்சு போச்சுன்னு அதை வச்சு வரைஞ்சேன்."

"அந்தப் பழசு?"

"அதுக்கு முந்தினதை வச்சு..." பொத்தான் டப்பாக்களை இறக்கி வைத்துவிட்டு, அலமாரித் தட்டில் விரித்திருந்த காகிதங்களை உருவினாள். பேக்கரியம்மாவின் ஊதாப் பூத்துணி ஒட்டியவற்றை மட்டும் பிரித்தெடுத்து, கைப்பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒவ்வொன்றும் அதற்கு முந்தியதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"ஓரம் தேஞ்சிருக்குமேன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் கூட விட்டு வெட்டுவேன்."

ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. காகிதம் அவ்வளவு தேயவில்லை. இவள் விட்ட நூல்தான் சுற்றிலும் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்து மூன்று சுவர்களையும் பார்த்தாள். "எல்லாருக்கும் இப்படித்தானேக்கா பண்ணியிருக்கேன். அதான் மளிகைக்காரம்மா இளைச்சிட்டேன் இளைச்சிட்டேன்னு குதிச்சுக்கிட்டுத் திரியுது."

"அவளை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல நீ வந்து பேக்கரியம்மாகிட்ட சொல்லு."

"தெருவுல தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?"

"லூசா தைக்கிறான்னு சொல்லுவாங்க. செருப்பைப் போடு."

வந்தாள். கட்டிலில் அடுக்கைப் பரப்பினாள். பேக்கரியம்மா ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"நீங்க இளைக்கலம்மா. காகிதம்தான் பெருத்துப்போச்சு."

"உன்னை மாதிரி நான் பன்னைப் பெருசாக்கிக்கிட்டே போயிருந்தா, பேக்கரியை என்னிக்கோ மூடியிருப்பேன்" என்றார். அதற்காக உடனே எழுந்துவிடவில்லை. "தைச்சு எடுத்துட்டு வா. போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

முதல் மாதிரியில் காலர் மட்டும் கிடைக்கவில்லை; அதற்குப் பிந்திய நகலையே வைத்துக்கொண்டாள். மற்றதைத் தேயாத எதிலாவது வெட்டிவைக்க வேண்டும் என்றாள் ஆணியக்கா. கட்டிலடியில் பேக்கரியம்மாவின் எக்ஸ்ரே படங்கள் கிடந்தன.

"இதைக் குடுங்கம்மா. கிழியாது, ஊறாது."

"அது என் இடுப்புடி."

"கூடிப்போன இடுப்பு உங்ககிட்டதான இருக்கு. உடைஞ்சதை நான் எடுத்துக்கிறேன்."

சிறிய பாகங்களை அப்படியே வெட்டினாள். முன்பாகத்துக்கும் முதுகுக்கும் படங்களைச் சேர்த்து ஒட்டினாள். புதுச் சட்டை வந்தது. தோள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பேக்கரியம்மா கையைத் தூக்கிப் பார்த்தார்.

"கக்கத்துல பிடிக்குது."

"நல்லது. எழுந்திருங்க" என்றேன்.

வாக்கரைப் பிடித்து எழுந்தார். கதவுவரை போனார், திட்டிக்கொண்டே திரும்பினார். மறுநாளும் நடந்தார்.

ஆணியக்கா இப்போது எக்ஸ்ரே படத்தைச் சுற்றித்தான் வரைகிறாள், கோட்டிலேயே வெட்டுகிறாள். முதல் மாதிரி கிடைக்காதவர்களை மறுபடி டேப்போடு நிற்கவைக்கிறாள். மளிகைக்காரம்மா மட்டும் அந்தப் பக்கமே வருவதில்லை.

பேக்கரியம்மா தெருவில் இறங்கி முதன்முதலில் போனதும் அந்தக் கடைக்குத்தான். காலர் தொளதொளவென்றிருக்கிறது என்று சண்டை போடப் போனார். உள்ளே இரண்டு பெண்கள் துணியோடு காத்திருந்தார்கள். ஊதாப் பூத்துணி ஒட்டி ஆணியில் தொங்கிய படத்தை வாக்கரில் சாய்ந்தபடி காட்டி, "அது என் இடுப்பு" என்றார்.