ஹார்பர் வண்டியில் போன படை

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் நடத்திய போர்களெல்லாம் மாட்டுங்காவில் ஒரு சாப்பாட்டு மேஜையின் மேல் நடந்தவை. அதில் செத்தவர்கள் அனைவரும் ஈயத்தால் ஆனவர்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எழுந்து நிற்பவர்கள்.

எண்பதுகளின் நடுவில் அது. எனக்கு இருபத்தெட்டு வயது. தாராவியில் குடியிருப்பு, செம்பூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை. மேஜையின் சொந்தக்காரர் ஒரு வங்கி குமாஸ்தா. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைப் புத்தகக் கடையில் ஒரு பழைய போர் இதழுக்கு இருவரும் ஒரே நேரத்தில் கை நீட்டினோம். நான் விட்டுக்கொடுத்தேன், அவர் வீட்டுக்கு வரச்சொன்னார். லண்டனில் இருந்த அவருடைய சொந்தக்காரர் அனுப்பிய, பொம்மைப்போர் ஆட்டத்தின் விதிப் புத்தகமும் ஒரு பெட்டி பிளாஸ்டிக் டாங்கிகளும் அவரிடம் இருந்தன. அவர் என்னை 'பாய்' என்பார், நான் அவரை 'ஐயரே' என்பேன். அதற்குமேல் எங்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

லண்டன் பெட்டி அவருடைய படை. என் படையை நானே செய்துகொண்டேன். எங்கள் சந்தில் பெல்ட் பக்கிள் வார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே மிஞ்சும் உலோகத்தைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, கட்டைவிரல் நகத்தின்மேல் நிற்கக்கூடிய சிப்பாய்களை வார்த்தேன். வேற்றுக்கிரகத்து நடக்கும் யந்திரங்களுக்குப் பால்பேனா மூடிதான் உடம்பு, வளைத்த கம்பிதான் கால், பழைய கைக்கடிகாரத்தின் பல்சக்கரம்தான் தலை. செருப்பு ஆணி பீரங்கிக் குழலானது. பெயர்ப்பலகை எழுதுகிறவர்களின் எனாமலைப் பூசிவிட்டு, அதன்மேல் ஆபீஸில் படம் வரையும் மையைத் தண்ணீரில் கரைத்து ஓடவிட்டால் சட்டை மடிப்பும் கன்னக் குழியும் தானாகத் தெரியவரும். அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. படைத்தலைவனின் யந்திரத்தை மட்டும் பெரிதாகச் செய்து, அதற்குள் ஒரு பென்சில் பேட்டரி வைத்து, இரண்டு கம்பி இழுத்து, சிவப்பு பல்பு ஒன்று எரியும்படி செய்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இருவரும் தங்கள் படைக்கான உத்தரவை எழுதிக் கவரில் போட்டு ஒட்டிவிட வேண்டும். பிறகு இரண்டு கவரையும் ஒன்றாகப் பிரிக்க வேண்டும். எழுதியதை மாற்றக்கூடாது. பெரிய சண்டையென்றால் முதல் சில சுற்றுகளை வீட்டிலேயே எழுதி எடுத்து வருவோம். நான் தமிழில் எழுதுவேன், பிரித்ததும் நானே வாசித்துச் சொல்வேன். ஐயர் தமிழ் பேசுவாரே தவிர, வாசிக்க வராது. தப்பித்தவறிக் கண்ணில் பட்டாலும் ரகசியம் போகாது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இந்தப் புத்திசாலித்தனத்தோடு நின்றிருக்கலாம். தொழிற்சாலையின் மனைப்படங்களை நாங்கள் ஒன்றுக்கு இருநூறு என்ற அளவில் வரைவோம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் சிப்பாய் ஒருவனைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து விளையாட்டாகப் படத்தின்மேல் நிறுத்தினேன். படுக்கவைத்தால் வாசல் கதவின் அகலத்துக்கு அவன் கச்சிதமாக இருந்தான். மறுநாள் ஐயரிடம் இரவல் வாங்கிவந்த டாங்கியும் படத்தின் சாலையில் இடிக்காமல் திரும்பியது. பாலைவனங்களிலும் பெயர் தெரியாத கிரகங்களிலும் சண்டை போட்டு அலுத்துப்போயிருந்த எனக்கு அத்தோடு முடிவாகிவிட்டது. வானத்திலிருந்து வந்தவர்கள் பக்கத்திலிருக்கும் தேவ்நார் சதுப்பில் இறங்கி எங்கள் தொழிற்சாலையைப் பிடிக்க வேண்டும். ஐயரின் டாங்கிகள் காக்க வேண்டும்.

அமோனியா ஆவியில் எடுக்கும் படப் பிரதிகள், அதாவது பிரிண்டுகள், மங்கலாக வந்தால் நான்காகக் கிழித்துக் குப்பையில் போட வேண்டும் என்பது விதி. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு அந்த விதி இரண்டு மடங்கு இறுகியிருந்தது. ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை, எல்லோரும் கிளம்பிய பிறகு, மங்கலான பிரிண்ட் ஒன்றைக் கிழிக்காமல் வைத்துக்கொண்டேன். அளவு பார்க்க வீட்டிலிருந்து கொண்டுவந்த முழுப் படையையும் அதன்மேல் பரப்பி, ஒருமணி நேரம் ராஜா மாதிரி நின்றேன். பிறகு படத்தைச் சுருட்டி, செய்தித்தாளில் சுற்றி, படையோடு பையில் வைத்தேன். வாசலில் காவலாளி பையைத் திறந்து பொம்மைகளைப் பார்த்தார். "க்யா மியான், கிலோனா லேகே காம் பே?" என்று சிரித்தார், பொம்மையைத் தூக்கிக்கொண்டா வேலைக்கு என்று. பொம்மையோடு வேலைக்கு வருகிற ஆளை வேறெப்படிப் பார்ப்பார். நானும் சிரித்தேன்.

செம்பூரில் ஹார்பர் வண்டி ஏறி, குர்லாவில் இறங்கி, பாலம் ஏறி மாறி, சயானில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் கால் வைத்ததும் வலது கை லேசாக இருப்பது தெரிந்தது. பை ஹார்பர் வண்டியின் மேல்தட்டில், கடைசி ஸ்டேஷனான வி.டி. நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் என் படைக்காகத்தான் துடித்தேன். எட்டு மாத உழைப்பு. அப்புறம்தான் பையில் வேறென்ன இருக்கிறது என்பது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அமோனியாக் கொள்கலன்களின் இடம் குறித்த மனைப்படம். அதன் வலதுகீழ் மூலையில், 'வரைந்தவர்' என்ற கட்டத்தில், என் முழுப்பெயர். மறுநாள் ஆட்டத்துக்கு எழுதி ஒட்டிய கவர் ஒன்று. அதற்குள் என் கையெழுத்தில்: காலை ஆறு மணி, கிழக்குச் சுவரை உடைத்து நுழைக. ஆறேகால், காவல் அறையைக் கொளுத்துக. ஆறரை, மூன்றாம் கொள்கலனைப் பிடிக்க, எதிர்த்தால் சுடுக. இவற்றுக்கெல்லாம் துணையாக ஒரு பேட்டரி, இரண்டு கம்பி, ஒரு கைக்கடிகாரத்தின் குடல்.

வடக்கே டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் ஒளித்துவைத்த குண்டுகள் வெடித்த காலம் அது. கேட்பாரற்ற பொருளைத் தொடாதீர்கள் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த நோட்டீஸின் கீழேதான் நான் நின்றுகொண்டிருந்தேன். என் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நான் யார் என்று எவருக்கும் தெரிந்துவிடும். பிவண்டியில் நடந்த இந்து-முஸ்லிம் கலவரத்துக்குப் பிறகு அப்படித் தெரிந்துகொள்கிறவர்களின் கண்ணில் ஒரு மாற்றத்தைப் பார்த்திருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாப் பேயும் கண்ணின் கோளாறு இல்லை.

வீட்டில் மனைவி என் முகத்தைப் பார்த்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"என்ன மச்சான், மேலுக்கு முடியலையா?"

"பைய வண்டியில விட்டுட்டேன்."

"பொம்மைப் பையா? போனாப் போவுது. ஆள் வந்து சேர்ந்தீங்களே."

"அதுல ஃபேக்டரிப் படம் இருக்கு."

"யார் பேரு போட்டிருக்கு?"

"எம் பேருதான்."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். பரண்மேல் நான் பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்த பழைய உத்தரவுச் சீட்டுகளை இறக்கி, வாளித் தண்ணீரில் போட்டுப் பிசைந்தாள். எழுத்து அழியவில்லை. எல்லாம் அதே ஆபீஸ் மை, காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. ஈரச் சீட்டுகளைப் பிழிந்து, ஒவ்வொன்றாக ஸ்டவ்வில் காட்டி எரித்தாள். 'பாலத்தைத் தகர்க்க' என்ற சீட்டு ஈரத்தில் புகைந்து கடைசியில் கருகியது. நாங்கள் இருவரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். சந்தில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தால்கூட அவள் கை நின்றது. என் விளையாட்டுக்காக அவள் இப்படி உட்கார்ந்து எரிப்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"போய்க் கேக்கட்டுமா?" என்றேன்.

"போனா, நீங்களே போய் மாட்டுன மாதிரி ஆயிரும். போகலன்னா, அவங்க வந்து கூட்டிட்டுப் போற மாதிரி ஆயிரும். எனக்கு என்ன சொல்லன்னு தெரியல மச்சான்."

நான் மாட்டுங்காவுக்கு நடந்தேன். ரயிலில் ஏற மனம் வரவில்லை. ஐயர் கதை கேட்டு முதலில் சிரித்தார். "ஓய் பாய், நிஜமாவே செம்பூர்மேல படையெடுத்துட்டீரே." நான் சிரிக்கவில்லை. படத்தின் மூலையில் இருக்கும் கட்டத்தைச் சொன்னதும் அவர் சிரிப்பும் நின்றது. கொஞ்சநேரம் மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் கார்த்தால வி.டி.யில, தொலைஞ்ச சாமான் ஆபீஸ்ல, நான் போய்க் கேக்கறேன். என் பைன்னு சொல்லிடறேன்."

"நானும் வாரேன் ஐயரே."

"வேண்டாம். நீர் வரவேண்டாம்."

இருவருக்கும் தெரிந்த காரணத்தை மேஜையின்மேல் வைக்காமல் இருந்தோம். அப்போது எனக்கு வந்தது நிம்மதிதான், பொய் சொல்லமாட்டேன். அவர் காலில் விழாத குறை. அவமானம் பிறகு வந்தது, படி இறங்கும்போது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாட்டுங்கா ஸ்டேஷன் பெஞ்சில் இரண்டரை மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு ஏதாவது ஆனால்? என் பெயர் போட்ட படம் அவரிடம் எப்படி வந்தது என்று கேட்டால் என்ன சொல்வார்? அவரையும் சேர்த்து மாட்டிவிட்டேனே. ஒரு போலீஸ்காரர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டினார். அதற்குள் எனக்குத் தெரிந்த அத்தனை துவாவையும் ஓதி முடித்தேன். அவர் கட்டி முடித்துப் போய்விட்டார்.

ஐயர் பையை ஆட்டிக்கொண்டே இறங்கி வந்தார், மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவந்தவர் மாதிரி. நெற்றியில் விபூதி புதிதாக இருந்தது. ஞாயிறு காலையில் அவர் விபூதி இட்டு நான் பார்த்ததில்லை.

"என்ன கேட்டாங்க ஐயரே?"

"பேர் கேட்டா. உள்ள என்ன இருக்குன்னு கேட்டா. பொம்மைன்னேன். திறந்து பார்த்தா. ஒரு ஹவல்தார் உம்ம பல்பு மிஷினை எடுத்து எரியவிட்டுப் பார்த்தார். பையனுக்குக் காட்டணும், எங்க கிடைக்கும்னார். சாய் குடுத்தா."

"படம்?"

"சுருட்டினபடியே இருந்தது. பேப்பர்தானே, விளையாடறதுக்குன்னேன். பிரிக்கலை."

"கவர்?"

"அதை நானும் பிரிக்கலை. விதின்னா விதி." அவர் சிரித்தார். "பிரிச்சாலும் எனக்கு எங்க படிக்க வரப்போறது."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. நான் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கைப்பிடியில் ஒரு சீட்டு கட்டியிருந்தது. பொருளின் உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர். அதே பேட்டரி, அதே கம்பி, அதே படம். பத்து நிமிஷ வேலை, ஒரு சாய். நான் போயிருந்தால் எனக்கும் சாய் கொடுத்திருப்பார்களோ என்னவோ. அந்த ஹவல்தார் நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். ஆனால் நான் போகவில்லை, போகவேண்டாம் என்று சொன்னவர் என்மேல் பிரியம் உள்ளவர். அதுதான் என்னை அந்தப் பெஞ்சிலேயே உட்காரவைத்தது.

படத்தையும் கவரையும் அன்றைக்கே அவர் வீட்டு மொட்டைமாடியில் எரித்தோம். என் பெயர் இருந்த மூலையை நான் தனியாகப் பிடித்து எரித்தேன். படையை அவர் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டேன். பையில் அவர் பெயர் போட்ட சீட்டையும் கழற்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெறும் மேஜைத்துணியின்மேல் ஆட்டம். புத்தகங்கள்தான் மலை. ஐயர் தன் உத்தரவை எழுதி ஒட்டிவிட்டு, ஒரு கவரையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். நான் பேனாவைத் தொடவில்லை.

"வாயாலயே சொல்லுதேன் ஐயரே."

"சொன்னா எனக்குத் தெரிஞ்சுடுமே. தோத்துப்போவீர்."

"பரவால்ல."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார். நான் அப்படியும் உரக்கத்தான் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்கட்டும், இங்கே நடப்பது விளையாட்டு என்று.